பில், பெயர், மாடி, பேனல்: வீட்டு சோலாருக்கு இந்த வரிசையில் போங்கள்

தமிழ்நாட்டில் சொந்தமாக ஒரு தனி வீடு இருக்கிறது, கோடைக்கால மின் கட்டணத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, சோலார் வைத்துவிடலாமா என்ற யோசனை ஓடுகிறது என்றால் இது உங்களுக்காகத்தான். எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் ஏறி, மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாட்டில் பாதிக்குப் பேனலோடு சம்பந்தமே இல்லை. மின் இணைப்பு காலமான அப்பாவின் பெயரில் இருந்தது. ஆதாரில் ஒரு முதலெழுத்து, வங்கியில் வேறொன்று. மாடியில் மழைநீர் கசிந்த மூலை ஒன்று. சோலார் நிறுவனத்தார் இவற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை.

எதை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் பணமும் அலைச்சலும் மிச்சமாகின்றன. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். செலவுத் தொகைகளைச் சுமாராகத்தான் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

1. ஓராண்டு பில்லை எடுத்து வையுங்கள்

நமக்கு மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எனவே ஓராண்டுக்கு ஆறு பில். மின்வாரிய இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கு முழுவதும் கிடைக்கும். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். ஆறு எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மே, ஜூன் பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சோலார் அளவை முடிவு செய்தால் தேவைக்கு மேல் வாங்கிவிடுவீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம் என்பது தெரிந்ததே. பலர் கவனிக்காதது 500 என்ற எல்லையை. அதுவரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை உண்டு. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் விழும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்குச் சுமார் 1,800 ரூபாய் வருகிற வீட்டில், 510 யூனிட் ஓடினால் 2,100ஐத் தாண்டும். பத்து யூனிட்டுக்கு 300 ரூபாய்! 700 யூனிட் என்றால் சுமார் 3,800. ஆயிரத்துக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

உங்கள் ஆறு எண்களும் 300ஐ ஒட்டியே இருந்தால், என் அபிப்பிராயத்தில் சோலார் இப்போதைக்கு வேண்டாம். அந்த அளவுக்கு பில்லே 700 ரூபாய்தான். போட்ட பணம் திரும்பப் பத்தாண்டு ஆகும். இந்தக் கட்டுரையின் மூன்றாவது, நான்காவது பகுதிகளை மட்டும் படித்து அதன்படி செய்யுங்கள், போதும்.

2. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்

கல்யாணத்துக்கு மட்டுமல்ல, மானியத்துக்கும் இது வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போகும், அவர் வங்கிக் கணக்குக்குத்தான் மானியம் வரும். ஆகவே மூன்று இடங்களில் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: மின் கட்டண அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம்.

நம் ஊரில் சிக்கல் முதலெழுத்தில் வருகிறது. மின் இணைப்பில் வெறும் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். ஆதாரில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டிருக்கும். வங்கியில் முதலெழுத்தே இருக்காது. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரை அளவுகோலாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் எளிது. வங்கியில் ஒரு விண்ணப்பமும் ஆதார் நகலும் கொடுத்தால் முடிந்துவிடும்.

இணைப்பு வேறொருவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றம் செய்தாக வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்கு இது சுலபம்: கிரயப் பத்திர நகல், உங்கள் பெயரில் சொத்து வரி ரசீது, அடையாள அட்டை போதும். பெற்றோர் காலமாகி வீடு உங்களுக்கு வந்திருந்தால்தான் அலைச்சல். அதற்கு வேண்டியவை:

இறப்புச் சான்றிதழ். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வரும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். இறுதியாக, சொத்து வரி ரசீது.

இதில் சம்மதக் கடிதத்தை லேசாக எண்ணாதீர்கள். அக்கா கோயம்புத்தூரில், தம்பி துபாயில் என்றால் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். "கரண்ட் கனெக்‌ஷனை உன் பெயருக்கு மாற்றினால் வீடே உனக்கு என்றாகிவிடாதா?" என்ற கேள்வியும் குடும்பத்தில் எழும். மின் இணைப்புப் பெயர் மாற்றம் சொத்துரிமையைத் தீர்மானிக்காது என்பதை முதலிலேயே பொறுமையாக விளக்கிவிடுங்கள். பொங்கலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ எல்லோரும் கூடும்போது கடிதத்தைத் தயாராக வைத்திருந்து கையெழுத்து வாங்குவதே உத்தமம்.

பெயர் மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால் எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான் என்பதால் முதல் நாளே தொடங்கிவிடுங்கள். இது ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த இரண்டு வேலைகளையும் முடிக்கலாம்.

இன்னொன்று: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு மாடி பொதுச் சொத்து. சங்கத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு போல்ட்கூட இறக்க முடியாது. அது தனிக் கதை, இங்கே பேசவில்லை.

3. முதலில் மின்விசிறியை மாற்றுங்கள்

சோலார் வைக்கும் பேச்சில் மின்விசிறி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 75 முதல் 80 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் சுற்றுவட்டத்தில் நிற்கும். நான்கு ஃபேன், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 45 வாட் மிச்சம். நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல்.

700 யூனிட் ஓடும் வீடு 540க்கு இறங்கும். பில்லில் ஏறக்குறைய 1,400 ரூபாய் குறையும். ஒரு ஃபேன் 2,500 முதல் 3,500 ரூபாய் என்றால், நான்குக்கும் போட்ட பணம் சுமார் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். சோலார் உட்பட வேறு எதுவும் இத்தனை சீக்கிரம் முதலைத் திருப்பித் தராது. 640 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் ஃபேன் மாற்றத்திலேயே 500 எல்லைக்குள் வந்துவிடுவீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை விட்டுவைத்து அதன் வழியாக பி.எல்.டி.சி. ஃபேனை ஓட்டினால் அதன் மின்னணுப் பலகை கெட்டுப்போகலாம். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் "இருந்துவிட்டுப் போகட்டும் சார், ஃபுல்லில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். வேண்டாம். வீட்டுக்கு வருகிற பேரப்பிள்ளை முதல் வேலையாக அதைத்தான் திருகும்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட்டுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. பதினைந்து ஆண்டுப் பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் அதையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். குழல்விளக்கை எல்.இ.டி.யாக மாற்றாதவர்கள் இப்போது யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

4. பேனலுக்கு முன் மாடி

பேனல் ஒருமுறை ஏறினால் 25 ஆண்டு அங்கேயே இருக்கும். அதன் அடியில் கசிவு இருந்தால் பிறகு கையைக்கூட நீட்ட முடியாது. ஆகவே ஒழுகல், விரிசல், தட்டோடு பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். மழை விட்ட மறுநாள் மாடியில் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பார்த்து சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். வீட்டுக்குள் உத்தரத்தில் ஈரக்கறை தெரியும் இடத்தையும் அளந்து, மாடியில் அதற்கு நேர்மேலே உள்ள இடத்தைக் குறியுங்கள். கொத்தனார் வரும்போது வாயால் விளக்குவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

கசிவைச் சரிசெய்ததும் மாடியை வெள்ளையாக்குங்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கு மேலும் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும், ஏ.சி. போட்டதும் அறை குளிராமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். வெள்ளை மாடி அந்த வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்று வழிகள் உண்டு.

மலிவானது சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின இரவே ஊறவைத்து, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு கை அடிக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்குக் கூலி உட்பட சில ஆயிரத்தில் முடியும். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

நடுத்தரமானது வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. பெயின்ட் கடைகளில் கூல் ரூஃப் பூச்சு என்று கேட்டால் தருவார்கள். ஒரு கோட் அடிநிலைப் பூச்சு, மேலே இரண்டு கோட். சதுர அடிக்கு 20 முதல் 40 ரூபாய் வரை ஆகும். நான்கைந்து ஆண்டு தாங்கும், சிறு விரிசல்களையும் மூடும். தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். காயாத தளத்தில் பூசினால் ஒரே மாதத்தில் தோல் உரிவதைப்போல் உரிந்து வரும். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வெள்ளை ஓடு பதிப்பது. நீடித்து உழைக்கும், விலையும் அதிகம், தளத்தின் மேல் எடையும் கூடும். பழைய வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேனல் எங்கே வரப்போகிறது என்று தெரிந்தாலும் மாடி முழுவதும் பூசுங்கள். பேனலே அதன் அடியில் உள்ள தளத்துக்கு நிழல் தரும் என்பது உண்மைதான், ஆனால் பூச்சின் நீர்த்தடுப்பு அங்கேயும் வேண்டுமே. இந்த வேலைக்குச் சரியான காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மாடி வேலையைத் தொடாதீர்கள்.

5. நிழலை அளந்து, கிலோவாட்டை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கணக்குப் போடலாம். ஆக 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், 3 கிலோவாட் என்றால் 720. ஃபேன் மாற்றிய பிறகு உங்கள் ஆறு பில்களின் சராசரி எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப எடுங்கள்.

இடம்: கிலோவாட்டுக்கு நிழலில்லாத 100 சதுர அடி என்று வைத்தால் நடக்க, துடைக்க வழி விட்டுத் தாராளமாகவே இருக்கும். இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், ஏறக்குறைய நான்கடி அகலம், 27 கிலோவுக்கு மேல் எடை. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் வரும்.

நிழலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டியின் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். அப்போது நிழல் வடக்கே நீளும். சென்னையில் மார்கழி நடுவில் உச்சிவேளையிலேயே ஆறடி உயரத் தொட்டிக்கு நான்கரை அடி நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கு அது இன்னும் நீளம். மே மாதத்தில் இடம் பார்க்க வருபவர் மாடியில் நிழலே இல்லை என்பார். அன்றைக்கு அவர் சொல்வது சரிதான். ஆகவே தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாவற்றுக்கும் வடக்குப் பக்கத்தில் அவற்றின் உயரத்துக்குச் சமமான தூரமாவது விட்டுவிட்டுப் பேனல் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் அதே வரிசையில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துக் கீழே தள்ளும்.

பேனல் தெற்கு நோக்கிச் சுமார் 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். துணி காயப்போடவும் வடாம் இடவும் மாடி வேண்டும் என்றால் பேனலைத் தாங்கும் சட்டத்தை ஆளுயரத்துக்கு மேல் எழுப்பலாம்; அதற்குத் தனிச் செலவு, காற்றுத் தாக்கமும் அதிகம். கடலோர மாவட்டக்காரர்கள் வர்தா, கஜா புயல்களை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். நான் தாழ்வாகத்தான் வைத்தேன். வடாம் போர்ட்டிகோ மேல் காய்கிறது.

6. கொட்டேஷன் வாங்கும்போது

மானியம் வேண்டுமானால் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் தேசியப் போர்ட்டலில் பதிவு செய்த நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் யார் யார் என்ற பட்டியல் போர்ட்டலிலேயே உண்டு. குறைந்தது மூவரிடம் கேளுங்கள். 3 கிலோவாட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேலும் விலை சொல்வார்கள். ஒட்டுமொத்தத் தொகையை மட்டும் எழுதித் தரும் ஒற்றைத் தாள் கொட்டேஷனை வாங்காதீர்கள். பின்வருவன தனித்தனியாக எழுதப்பட வேண்டும்:

பேனலின் தயாரிப்பாளர், வாட், எண்ணிக்கை. இந்தியாவிலேயே தயாரான செல்களால் ஆனது என்பதற்கான உறுதி. இது இல்லையென்றால் மானியம் கிடையாது. அதிக விலை சொல்பவருக்கும் குறைந்த விலை சொல்பவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் பெயரும் உத்தரவாத ஆண்டுகளும். பேனலைத் தாங்கும் சட்டம் துத்தநாக முலாம் பூசிய இரும்பா என்பது. எர்த்திங் எத்தனை, பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று வேண்டும். நெட் மீட்டர் (வரும், போகும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் மீட்டர்) கட்டணம் யாருடையது. ஐந்தாண்டுப் பராமரிப்பு சேர்ந்ததா.

ஜி.எஸ்.டி.யையும் கவனியுங்கள். சோலார் பொருள்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொருளும் நிறுவும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருளாகவும் 30 சதவீதம் சேவையாகவும் கணக்கிடுவதால் மொத்த வரி 13.8 இலிருந்து 8.9 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. பழைய விகிதத்திலேயே கொட்டேஷன் அச்சடித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

மானியம் எவ்வளவு? ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 5 கிலோவாட் வைத்தாலும் அதே 78,000தான். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை. பணம் உங்கள் கணக்குக்கு வரும். நிறுவனத்தின் கணக்குக்கு வராது. "மானியம் போக மீதியை மட்டும் கொடுங்கள், மானியம் வந்ததும் எங்களுக்கு அனுப்பிவிடுங்கள், அதற்கு இப்போதே ஒரு காசோலை போட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல், மாதம் 300 யூனிட் இலவசம் என்ற விளம்பர வாசகத்தை வைத்து, அரசே பேனலை இலவசமாகத் தருவதாக வரும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடுங்கள். பேனலுக்குக் காசு நீங்கள்தான் தர வேண்டும்.

மின்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நடுப்பகலில் வெயில் கொளுத்தும்போதும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும், விலை வெகுவாக ஏறும். உங்களிடம் ஏற்கெனவே பேட்டரி யு.பி.எஸ். இருந்தால் அதையே தொடருங்கள்.

7. போர்ட்டலில் விண்ணப்பம்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மின் இணைப்பு எண், ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி, சமீபத்திய மின் பில், சொத்து வரி ரசீது, ரத்து செய்த காசோலை அல்லது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மாடியின் புகைப்படம். பதிவை உங்கள் கைபேசி எண்ணில் நீங்களே செய்யுங்கள். நிறுவனத்தின் ஆள் "நானே போட்டுவிடுகிறேன்" என்று தன் எண்ணைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு தடவையும் அவரைத்தான் கெஞ்ச வேண்டும்.

10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தனியான தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 2024இல் மத்திய விதி மாறியது. 5 கிலோவாட் வரை கம்பி, டிரான்ஸ்ஃபார்மரை வலுப்படுத்த வேண்டி வந்தால் அந்தச் செலவும் மின் பகிர்மான நிறுவனத்துடையதே. எனவே "லைன் தாங்காது, டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற நீங்கள் பணம் கட்ட வேண்டும்" என்று யாராவது சொன்னால் விதியைப் பணிவாகச் சுட்டிக்காட்டி, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடன் வேண்டியவர்களுக்கு: 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் பொதுத்துறை வங்கிகள் ஈடு இல்லாமல் தருகின்றன. வட்டி, ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) அரை சதவீதம் என்ற கணக்கில் ஓடும். தனிநபர் கடனைவிட எவ்வளவோ குறைவு. மத்திய அரசின் கடன் விண்ணப்பத் தளமான ஜன் சமர்த் போர்ட்டல் வழியே விண்ணப்பிக்கலாம். நிறுவனமே ஏற்பாடு செய்யும் தனியார் தவணைத் திட்டத்தில் கையெழுத்திடும் முன் இந்த வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதில் கை இறுக்கம் வேண்டும். ஒப்பந்தத்தின்போது கொஞ்சம், பொருள் மாடிக்கு வந்ததும் பெரும்பகுதி, நெட் மீட்டர் பொருத்தி ஓடத் தொடங்கியதும் மீதி. கடைசித் தவணையாகப் பதினைந்து, இருபது சதவீதமாவது உங்கள் கையில் இருந்தால்தான் அவர் மின்வாரியத்துக்கு நடையாய் நடப்பார்.

8. பொருத்தும் நாளன்று மாடியில் இருங்கள்

அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேனல் வேலை பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். அதில் முக்கியமானது முதல் நாளின் துளையிடும் நேரம்.

மாடியில் தட்டோடு பதித்திருந்தால், போல்ட் அந்த ஓட்டையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கலவையையும் தாண்டி கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும். குட்டையான போல்ட் ஓட்டோடு நின்றுவிடும். இறுக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். முதல் பெரிய காற்றில் ஓட்டோடு சேர்ந்து பெயரும். துளைக்கும் இயந்திரத்திலிருந்து வரும் தூளைப் பாருங்கள்: முதலில் செங்கல் நிறத் தூள், பிறகு வெள்ளை, கடைசியில் சாம்பல் நிறம். சாம்பல் வந்த பிறகும் இரண்டு மூன்று அங்குலம் இறங்க வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிவிட்டு, இரசாயனப் பசை ஊற்றி போல்ட்டை இறக்கி, காயவிட்டுப் பிறகே இறுக்க வேண்டும். அதைச் சுற்றி ஓரடிச் சதுரத்துக்கு சிமெண்ட் பீடம் கட்டி, பீடத்துக்கும் தளத்துக்கும் இடையிலான ஓரத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு தடவச் சொல்லுங்கள். நாலாவது பகுதியில் வாங்கிய பூச்சில் ஒரு லிட்டர் மிச்சம் வைத்திருந்தால் இங்கே உதவும்.

பேனல் ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள வரிசை எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் சொன்ன நிறுவனத்தின் பேனல்தானா என்று அப்போதே பாருங்கள். மேலே ஏற்றிவிட்டால் பின்புறம் தெரியாது. இன்வெர்ட்டரை வெயில் படாத, காற்றோட்டமான சுவரில் மாட்டச் சொல்லுங்கள். படிக்கட்டு அறையின் உள்சுவர் நல்ல இடம்.

9. நெட் மீட்டரும் மானியமும்

பேனல் ஏறியதும் நிறுவனத்தார் விவரங்களைப் போர்ட்டலில் ஏற்றுவார்கள். பிறகு மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். வருவதும் போவதும் இரண்டையும் அளக்கும் இருவழி மீட்டரைப் பொருத்துவார்கள். விதிப்படி இதற்குப் பதினைந்து நாள். நடைமுறையில் மீட்டர் கையிருப்பைப் பொறுத்தது. ஆகவே பேனல் வேலை நடக்கும்போதே பிரிவு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரிடம் மீட்டர் இருப்பு என்ன, நாமே வாங்கிச் சோதனைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுவைத்துவிடுங்கள். மாதக் கடைசியில், கணக்கெடுப்பு நாட்களில் போகாதீர்கள். ஆள் இருக்க மாட்டார்கள்.

மீட்டர் மாற்றும் அன்று பழைய மீட்டரின் கடைசி அளவையும் புதிய மீட்டரின் தொடக்க அளவையும் படம் எடுத்து வையுங்கள். முதல் பில்லில் குளறுபடி வந்தால் அந்த இரண்டு படங்கள்தான் பேசும். நெட் மீட்டர் வருவதற்கு முன் சோலாரை இயக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே பதிவு செய்யும்.

ஆய்வு அறிக்கை போர்ட்டலில் ஏறியதும் வங்கி விவரத்தைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு 30 நாளுக்குள் மானியம் வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. வராவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு, இரண்டாவது பகுதியில் சொன்ன பெயர் வித்தியாசம்தான். போர்ட்டலிலேயே புகார் அளிக்கும் வசதி இருக்கிறது. விண்ணப்ப எண்ணோடு பதிவு செய்துவிட்டு வங்கிக் கிளையில் ஆதார் இணைப்பைச் சரிபாருங்கள்.

10. ஓடத் தொடங்கிய பிறகு

பில் சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிடும் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேறு கட்டணங்கள் சேரலாம். அவற்றின் இப்போதைய விகிதத்தைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும் என்பதற்காக, அதை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கில் பெரிய பேனல் வாங்காதீர்கள். வெளியே போன யூனிட் உள்ளே வந்த யூனிட்டில் அப்படியே கழிவதால் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நடுப்பகலில்தான் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கைபேசிச் செயலியில் தினசரி உற்பத்தி தெரியும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். உச்சிவேளையில் திடீரென்று உற்பத்தி அறுந்து அறுந்து வந்தால் பேனலைச் சந்தேகிக்கும் முன் வீட்டு மின்னழுத்தத்தைப் பாருங்கள். 250 வோல்ட்டைத் தாண்டிப் போகும் தெருக்களில் இன்வெர்ட்டர் தற்காப்புக்காகத் தானே அணைந்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து, தேதி, நேரத்தோடு எழுதிப் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேனலைத் துடையுங்கள், விடியற்காலையில் மட்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையும் தவிருங்கள். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும், பிறகு தேய்த்தாலும் போகாது. குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஒரு வாளி, நீளக் கைப்பிடி வைத்த மென்மையான துடைப்பான், இரண்டும் போதும். சோப்பு வேண்டாம். மழைக்காலத்தில் அந்த வேலையும் இல்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாள் ஏறிப் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, மாடியில் கிடக்கும் தகரம், பூந்தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுங்கள். காற்றில் பறந்து பேனலை உடைப்பவை பெரும்பாலும் நம் வீட்டுச் சாமான்கள்தான்.